ஐந்நூறு மில்லிசெகண்ட்

வில்லியனூர் தாண்டி, பத்துக்கண்ணு தாண்டி
ஊசுட்டேரிக் கரையோரம் வண்டியை விரட்டினேன்.
இருட்டில் எதுவோ தண்ணீரை அடித்தது,
நாமக்கோழியாக இருக்கும்.
சேதராப்பட்டில் நாலாம் நம்பர் பிரஸ்
மறுபடி நிற்கிறதாம்.
"உங்க புரோகிராம்தான் மேடம்" என்றார்
ஷிஃப்ட் இன்சார்ஜ் தணிகாசலம்.
குற்றம் சாட்டும் குரல் இல்லை,
மழை வருது என்று சொல்கிற குரல்.

பதினோராயிரம் வரி எழுதியிருக்கிறேன் அதற்குள்.
நகத்தளவு சில்லில் ராப்பகலாய் ஓடி
எட்டு டன் எடையை
ஒரு பம்ப் கூட்டின் வாயில்
முடியளவு பிசகாமல் இறக்கும்.
என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
கம்ப்யூட்டர் என்று சொல்லித் தப்பிக்கிறேன்.
என் கம்ப்யூட்டருக்குக் கிரீஸ் வாடை.

விதி எளிது.
இடக்கைக்கு ஒரு பச்சைப் பொத்தான், வலக்கைக்கு ஒன்று.
இரண்டுக்கும் நடுவே அரை நொடிக்குமேல் போனால்
பிரஸ் இறங்காது.
ஒரு கை வெளியே இருக்க மறு கை
உள்ளே மாட்டிவிடக் கூடாதே, அதற்கு.
இறங்காதபோது சிவப்பு விளக்கும்
சின்னத் திரையில் ஒரு வரியும் வரும்:
ஆபரேட்டர் பிழை.
அந்தத் திரைக்குத் தமிழ் தெரியாது.
ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாய் நான்தான் வரைந்தேன்,
'ழை'க்கு மட்டும் ஒரு மத்தியானம் போயிற்று.

லேப்டாப்பைச் செருகிப் பதிவுகளை இறக்கினேன்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஐந்நூற்று நாற்பது.
ஐந்நூற்று ஏழு. அறுநூற்று மூன்று.
எல்லாம் மூன்றாம் ஷிஃப்ட்.
எல்லாவற்றிலும் இடது முந்துகிறது, வலது பிந்துகிறது.
கம்பி தளர்ந்ததா, ரிலே ஒட்டுகிறதா,
கம்ப்ரசரின் இரைச்சல் சிக்னலில் கலக்கிறதா,
ஆசிலோஸ்கோப்பை மாட்டிக்கொண்டு
கொட்டாவியோடு ஒன்றேகால் மணிவரை.
அலை சுத்தம். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி.

அப்புறம்தான் நிமிர்ந்து
ஆளைப் பார்த்தேன்.

அமலோற்பவமேரி. நீலக் கோட்டு, காதில் பஞ்சு.
இடக்கை போய்விடுகிறது.
வலக்கை தோள்வரை எழுந்து
அங்கே எதற்கோ அனுமதி கேட்டு நின்று
பிறகு இறங்குகிறது.
"வலிக்குதா?"
"மாதா தேர் தூக்கினதுலேர்ந்து."
"யார்கிட்டயும் சொல்லலையா?"
திரையைக் காட்டினார்.
"அதான் எழுதி வருதே, எம் பிழைன்னு."

ஐந்நூறை அறுநூற்றைம்பது ஆக்க
எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது.
விரல் கீபோர்டு வரைக்கும் போயும்விட்டது.
ஆனால் அந்த எண் என்னுடையது இல்லை.
எங்கெங்கோ யார் யாரோ கொடுத்த விரல்களை
எண்ணிப் பார்த்துப் போட்ட எண்.
தோளுக்கு இரங்கப்போய்
கையைக் கேட்டுவிடும்.

ஸ்பேனர் கேட்டேன்.
தணிகாசலம் என்னைப் பார்த்தார், ஸ்பேனரைப் பார்த்தார்.
நாலு போல்ட்.
அச்சிலிருந்து தூரம் குறையாமல் டேப் பிடித்து
வலது பொத்தானை ஒரு சாண் கீழே இறக்கினோம்.
காலையில் சேஃப்டி ஆபீசர் கையெழுத்துப் போடும்வரை
பிரஸ் ஓடக்கூடாது என்றேன்.
முந்நூற்று நாற்பது பீஸ் போச்சு என்றார் அவர்,
இந்த முறை குற்றம் சாட்டும் குரல்தான்.

செய்ய வேறொன்றும் இல்லை.
எழுத்துக்கு அவ்வளவு மெனக்கெட்டவள்
சொல்லை யோசிக்கவே இல்லை என்பது
நின்றுபோன இயந்திரத்தின் பக்கத்தில்
நன்றாகவே கேட்டது.
பழைய வரியை அழித்தேன்.
மீண்டும் அழுத்தவும்.
'ழு' இல்லை, 'மீ' இல்லை,
மறுபடி புள்ளி புள்ளியாய்.

அமலோற்பவமேரி டீயோடு வந்து
என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
"மீக்கு அந்தச் சுழி
இன்னும் கொஞ்சம் வளையணும்."

ஒரு புள்ளியை
இடப்பக்கம் தள்ளி வைத்தேன்.